வெட்டும் முன் அளந்து கொள்ளுங்கள்: ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு கணினி இரண்டு பேருக்கு உழைக்க வேண்டியிருக்கிறது. கடைக் கணக்கு டேலியில் ஓடுகிறது, அதற்கு விண்டோஸ் வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஐசிடி என்ற கணினிப் பாடம் நடப்பதோ லினக்ஸில். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தயாரித்த க்னூ/லினக்ஸ்தான் கேரள அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கும் அதேதான். பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வுக்கும் அதில்தான் உட்கார வேண்டும். வீட்டில் பழகிப் பார்க்காத பிள்ளைக்குத் தேர்வு அறையில் மெனு தேடவே நேரம் போய்விடும். இதற்காக இன்னொரு கணினி வாங்க வேண்டாம். இருக்கிற டிஸ்க்கைச் சரியாகப் பாகம் (பார்ட்டிஷன்) பிரித்தால் போதும்.

இரண்டே விதியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் இருக்கும் இடத்தை விண்டோஸை வைத்தே சுருக்க வேண்டும், லினக்ஸுக்கான இடத்தை லினக்ஸை ஏற்றும் மென்பொருளான இன்ஸ்டாலரில்தான் உருவாக்க வேண்டும். இது முதல் விதி. சி டிரைவைப் பின்பக்கம் மட்டும் வெட்டலாம், முன்பக்க எல்லையை நகர்த்தக் கூடாது என்பது இரண்டாவது. பின்பக்கம் வெட்டும்போது ஓரத்தில் இருக்கும் கொஞ்சம் தரவுதான் இடம் மாறும். முன்பக்கத்தை நகர்த்தினால் டிரைவில் உள்ள அத்தனையும் முதலிலிருந்து எழுதப்படும். பாதியில் கரண்ட் போனால் பழைய இடத்திலும் முழுதாக இருக்காது, புதிய இடத்திலும் முழுதாக இருக்காது.

கை வைக்கும் முன்

முதல் வேலை பேக்கப். டி டிரைவில் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது. அதுவும் அதே டிஸ்க்தான். வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ கடைக் கணக்கு, போட்டோக்கள், ஆதார் ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்து, அதை வேறு ஒரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பேக்கப்.

அடுத்தது டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க்கின் குறிப்புகள் வரிசையாக வரும். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள், சி5 என்பது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள். சி5 வரிசையில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் பார்ட்டிஷன் வேலையே வேண்டாம், முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள். சுருக்கும்போது தரவு இடம் மாறுகிறது; படிக்க முடியாத செக்டரில் வந்து நின்றால் அதோடு சரி.

டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜ் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். கேரளத்தில் இடி மின்னல் அதிகம் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும்தான். அதுவும் பிற்பகல் 2 மணிக்கு மேல் இரவு 10 மணி வரை. ஆகவே அந்த மாதங்களில் இந்த வேலைக்குக் காலை நேரம்தான் நேரம்.

விண்டோஸில் மூன்று விஷயங்களை முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே டிக்கை எடுங்கள். இது ஆனில் இருந்தால் நீங்கள் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் போய் அதே டிரைவில் எழுதினால் ஃபைல் கெடும். அதனால் லினக்ஸ் பெரும்பாலும் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. “லினக்ஸில் டிரைவ் லாக் ஆகிவிட்டது” என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டு, என்கிரிப்ஷன், அதாவது சாவி எண் இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டி வைப்பது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கக் கூடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பாருங்கள். ஆனில் இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும் 48 இலக்க ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) பூட் வரிசையையோ செக்யூர் பூட் அமைப்பையோ மாற்றியதும் விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்டுவிட்டு நிற்கலாம். அப்போது கையில் இல்லையென்றால் டிரைவில் உள்ளது உள்ளபடியே பூட்டிக்கொள்ளும். என்கிரிப்ஷனை முழுக்க ஆஃப் செய்துவிடுவது எளிது. டிஸ்க்கின் அளவைப் பொறுத்துக் கொஞ்ச நேரம் பிடிக்கும், முடியும்வரை காத்திருங்கள்.

மூன்று, டிஸ்க் எந்த வகை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். கீழே இடது ஓரத்தில் டிஸ்க் 0 என்று சாம்பல் பெட்டி இருக்கும். அதில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ். அங்கே பார்ட்டிஷன் ஸ்டைல் என்ற வரியில் ஜிபிடி அல்லது எம்பிஆர் என்று இருக்கும். டிஸ்க்கின் பாகங்களைப் பட்டியல் போட்டு வைக்கும் முறைகள் இவை; ஜிபிடி புதியது, எம்பிஆர் பழையது. கூடவே சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோடு யூஇஎஃப்ஐயா (புதிய முறை) லெகஸியா (பழைய முறை) என்று குறித்துக் கொள்ளுங்கள். லினக்ஸை ஏற்றப் பின்னால் தயாரிக்கப் போகும் பென்டிரைவையும் அதே மோடில்தான் பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் யூஇஎஃப்ஐயில் இருக்க லினக்ஸை லெகஸியில் ஏற்றினால் இரண்டும் தனித்தனியே வேலை செய்யும், ஆனால் ஒரே மெனுவில் சேர்ந்து வராது.

எவ்வளவு இடம் யாருக்கு

256 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டி விண்டோஸில் 238 ஜிபி என்றுதான் காட்டும், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை; அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. இந்த வித்தியாசம் கொஞ்ச நேரத்தில் உங்களைக் குழப்பும் என்பதால்தான் இப்போதே சொல்கிறோம்.

256 ஜிபி எஸ்எஸ்டிக்கு நாங்கள் பரிந்துரைப்பது இது. விண்டோஸுக்கு 130 ஜிபி போல விட்டுவிட்டு, 105 ஜிபியை வெட்டி எடுங்கள். அதில் 60 ஜிபி இரண்டு பக்கமும் பயன்படும் பொது டிரைவ், 45 ஜிபி லினக்ஸ். லினக்ஸ் அமைப்பு உட்காரும் ரூட் பார்ட்டிஷனுக்கு 25 ஜிபி போதும் என்று பல இடங்களில் படிப்பீர்கள். பள்ளி லினக்ஸில் ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப், கிம்ப், க்யூஜிஐஎஸ் என்று நிறைய மென்பொருள் முதலிலேயே வருகிறது. அப்டேட்டும் சேர்ந்தால் 25 சீக்கிரம் நிறையும். 40க்குக் குறையாமல் வையுங்கள். ரூட் நிறைந்துவிட்டால் லாகின் திரையே வராமல் போவதுண்டு.

சொந்த ஃபைல்களுக்கு ஹோம் என்று தனிப் பார்ட்டிஷன் சின்ன டிஸ்க்கில் வேண்டாம். ஒரு பக்கம் காலியாகக் கிடக்க இன்னொரு பக்கம் நிறையும். 500 ஜிபிக்கு மேல் இருந்தால் தாராளமாகப் போடலாம். லினக்ஸை மறுபடி ஏற்றும்போது பிள்ளையின் ஃபைல்கள் அப்படியே தங்கும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷனும் கட்டாயமில்லை. உபுண்டு வகைகள் ரூட்டுக்குள்ளேயே ஸ்வாப் ஃபைல் வைத்துக் கொள்ளும்.

பொது டிரைவை விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்ஸாக வையுங்கள். விண்டோஸும் லினக்ஸும் அதில் எழுதும், படிக்கும். லினக்ஸின் ஃபைல் முறையான இஎக்ஸ்டி4 விண்டோஸுக்குப் புரியாது. எக்ஸ்ஃபேட்டும் ஓடும் என்றாலும், கரண்ட் போனால் என்டிஎஃப்எஸ் தேறி வரும் அளவுக்கு அது தேறாது.

வெட்டும் இடம்

டிஸ்க் மேனேஜ்மென்டில் நீலக் கோட்டோடு சி டிரைவ் இருக்கும். அதற்கு முன்னால் 100 எம்பி அளவில், கணினியைப் பூட் செய்யும் ஃபைல்கள் உள்ள ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், பின்னால் 500 எம்பி முதல் 1 ஜிபி வரை ரிகவரி. இந்த இரண்டு சின்னப் பெட்டிகளையும் தொடாதீர்கள். இடம் வீணாகிறதே என்று ஈஎஃப்ஐயை அழித்தால் விண்டோஸ் ஏறாது.

சி டிரைவில் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்துவிட்டு நான்கு வரிகள் கொண்ட பெட்டி வரும். மேலே மொத்த அளவு. அடுத்து எவ்வளவு சுருக்க முடியும். மூன்றாவதில்தான் நீங்கள் எழுத வேண்டும். நான்காவது, சுருக்கிய பின் சி டிரைவ் எவ்வளவு இருக்கும். மூன்றாவது கட்டத்தில் எம்பி கணக்கில் எழுத வேண்டும். 105 ஜிபி என்றால் 105 × 1024, அதாவது 107520. ஷ்ரிங்க் அழுத்தினால் சி டிரைவுக்கு வலப்பக்கம் கறுப்புக் கோட்டோடு அன்அலோகேட்டட் என்று ஒரு பெட்டி வரும்.

சில சமயம் சி டிரைவில் 150 ஜிபி காலியாக இருந்தும் இரண்டாவது வரி 20 ஜிபிதான் தர முடியும் என்று சொல்லும். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள். காரணம் எளியது. நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று டிரைவின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் விண்டோஸால் வெட்ட முடியாது. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் சேமிப்பு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பக்கத்தில் 259 என்ற எண் கொண்ட பதிவைத் திறந்தால் தடுத்து நிற்கும் ஃபைலின் பெயரே இருக்கும். பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ஹைபர்னேஷனையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஷ்ரிங்க் போங்கள். வெட்டி முடித்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் திரும்ப ஆன் செய்ய மறக்க வேண்டாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் ஒரு முறை டீஃப்ராக் ஓட்டுவதும் உதவும். எஸ்எஸ்டிக்கு அது தேவையில்லை.

இப்போது பொது டிரைவ். கறுப்புப் பெட்டியில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், அளவு 61440, என்டிஎஃப்எஸ். மீதி 46080 எம்பி கறுப்பாகவே கிடக்கட்டும். இதை ஏன் இங்கேயே செய்யச் சொல்கிறோம் என்றால், உபுண்டு 22.04 வகை இன்ஸ்டாலரில் என்டிஎஃப்எஸ் ஃபார்மட் செய்ய வசதி இல்லை.

எம்பிஆர் டிஸ்க் என்றால் இங்கே நிதானம் வேண்டும்

பழைய கணினிகளிலும் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கம் பழையதாக வாங்கிய லேப்டாப்களிலும் எம்பிஆர் வருவதுண்டு. எம்பிஆரில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான். சிஸ்டம் ரிசர்வ்ட், சி, டி, ரிகவரி என்று நான்கும் ஏற்கெனவே நிறைந்திருக்கும். டி டிரைவைச் சுருக்கினால் கறுப்பு இடம் வரும். ஆனால் லினக்ஸ் இன்ஸ்டாலரில் அது அன்யூசபிள் என்று நிற்கும். இடம் இருக்கிறது, அட்டவணையில் பெயர் எழுத ஐந்தாவது வரி இல்லை.

இந்த நிலையில் விண்டோஸில் நியூ சிம்பிள் வால்யூம் அழுத்தினால், டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றப் போகிறேன், சரியா என்று கேட்கும். நோ சொல்லுங்கள். யெஸ் சொன்னால் பார்ட்டிஷன்களின் நீலம் கடுகு மஞ்சளாக மாறும், லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிஸ்க்கில் இடம் பிரிக்க முடியாமல் போகும். எல்லா வால்யூமையும் அழிக்காமல் விண்டோஸால் அதைத் திருப்பவும் முடியாது.

சரியான வழி இது. டி டிரைவில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, டி டிரைவை டிலீட் செய்யுங்கள். இப்போது மூன்று பிரைமரிதான். அந்த இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம் போட்டு, லினக்ஸுக்கு வேண்டிய அளவைக் கழித்துப் புதிய டி டிரைவை உருவாக்குங்கள். விண்டோஸ் தானாகவே எக்ஸ்டெண்டட் என்ற ஒரு பெட்டியைப் போட்டு, அதற்குள் டி டிரைவை லாஜிக்கல் பார்ட்டிஷனாக வைக்கும். திரையில் அது பச்சை வேலிக்குள் தெரியும். மீதி இடம் வெளிர் பச்சையில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று இருக்கும். லினக்ஸை அந்தப் பச்சைக்குள் ஏற்றலாம். லாஜிக்கலில் இருந்தும் லினக்ஸ் நன்றாகவே பூட் ஆகும்.

எம்பிஆரை ஜிபிடியாக மாற்ற விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு. ஆனால் பிரைமரி மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும், மதர்போர்டும் யூஇஎஃப்ஐ தெரிந்ததாக இருக்க வேண்டும். பழைய கணினியில் அதற்கு மெனக்கெட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இன்ஸ்டாலரில்

வேண்டியவை 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, லினக்ஸ் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைல், அதைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருள். பென்டிரைவில் இருப்பது அழியும். எல்லை ஊர்களில் மொபைல் இரண்டு மாநில டவருக்கும் மாறி மாறித் தாவுவதால் பெரிய டவுன்லோடு பாதியில் அறுந்து கெட்ட ஃபைலாக வந்துவிடலாம். ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டத் தளத்தில் கொடுத்திருக்கும் செக்சம் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பென்டிரைவில் எழுத வேண்டும்.

பூட் ஆனதும் உடனே இன்ஸ்டால் அழுத்தாமல் ட்ரை என்று உள்ளே போய் வைஃபை, ஒலி, டச்பேட் வேலை செய்கிறதா பாருங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் ஸ்டோரேஜ் (டிஸ்க் இணைப்பு) இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி மோடில் இருக்கக் கூடும். அதை ஏஹெச்சிஐயாக மாற்ற வேண்டும். ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஏறி புது டிரைவரைப் பிடித்துக் கொள்ளும். பிறகு சேஃப் பூட் டிக்கை எடுத்துவிடலாம்.

கீபோர்டு கேட்கும் பக்கத்தில் ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். தமிழ்99, மலையாளம் இரண்டையும் பிறகு சேர்த்துக் கொள்ளலாம். இங்கே தமிழ் கீபோர்டைக் கொடுத்தால் பாஸ்வேர்டு எந்த எழுத்தில் விழுந்தது என்று தெரியாமல் லாகின் வாசலிலேயே நிற்க வேண்டி வரும்.

இன்ஸ்டாலேஷன் டைப் பக்கத்தில் எரேஸ் டிஸ்க் என்ற வரியைத் தொடாமல் சம்திங் எல்ஸ் தேர்ந்தெடுங்கள். புதிய உபுண்டுவில் அது மேனுவல் என்று இருக்கும். ஒரு அட்டவணை வரும். வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள், பேக்கப்பை ஃபார்மட் செய்துவிடும் ஆபத்து அதோடு தீர்ந்தது. ஃப்ரீ ஸ்பேஸ் என்ற வரியைத் தேடுங்கள். விண்டோஸில் 46080 என்று விட்ட இடம் இங்கே 48318 போலக் காட்டும். இன்ஸ்டாலர் ஆயிரத்தால் கணக்கிடுகிறது. இடம் அதேதான், பயப்பட வேண்டாம்.

அந்த வரியில் பிளஸ் குறியை அழுத்தி, வகை இஎக்ஸ்டி4, மவுண்ட் பாயின்ட் / (ரூட் என்பது இதுதான்), முழு அளவும் கொடுங்கள். எம்பிஆரில் லாஜிக்கல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் தானாகவே அடையாளம் காணப்பட்டிருக்கும். அதன் எதிரே ஃபார்மட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. உபுண்டு அதில் சில எம்பிதான் எடுக்கும், 100 எம்பி தாராளம். லினக்ஸின் மையமான கெர்னலையே ஈஎஃப்ஐயில் வைக்கும் பாப் ஓஎஸ் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு அது போதாது.

விண்டோஸா லினக்ஸா என்று ஆரம்பத்தில் கேட்கும் பூட் லோடரின் பெயர் கிரப். அதை எங்கே வைப்பது என்று கீழே ஒரு பெட்டி. எம்பிஆரில் முழு டிஸ்க்கையும் கொடுங்கள், அதாவது கடைசியில் எண் இல்லாத பெயர். எண் உள்ளதைக் கொடுத்தால் கிரப் தவறான இடத்தில் உட்கார்ந்து, கணினி பழையபடி விண்டோஸுக்கே போகும். யூஇஎஃப்ஐயில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் கொடுத்தால் போதும்.

இன்ஸ்டால் நவ் அழுத்தியதும் என்னென்ன ஃபார்மட் ஆகப் போகிறது என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஒரே ஒரு இஎக்ஸ்டி4 வரி மட்டும் இருக்க வேண்டும். எம்பிஆரிலும் ஜிபிடியிலும் அப்படித்தான். என்டிஎஃப்எஸ் என்ற சொல் தென்பட்டால் கோ பேக். இந்தப் பட்டியல்தான் கடைசி வாசல், அதுவரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை.

ஏற்றிய பிறகு

கிரப் மெனுவில் விண்டோஸ் வராவிட்டால் பதற வேண்டாம், விண்டோஸ் எங்கும் போகவில்லை. கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக ஆஃபில் இருக்கிறது. கிரப்பின் அமைப்பு ஃபைலில் அதை முடக்கும் வரியின் மதிப்பை ஃபால்ஸ் ஆக்கி, கிரப்பை அப்டேட் செய்தால் வந்துவிடும். மாறாக, மெனுவே வராமல் நேரே விண்டோஸ் போனால் பயாஸ் பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள்.

விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக. நேரம் தவறினால் கணக்கு பில்லில் தேதி தவறும், பேங்க் தளங்களும் திறக்காமல் போகலாம். லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லோக்கல் ஆர்டிசி மதிப்பை 1 ஆக்கினால் (timedatectl set-local-rtc 1) தீர்ந்தது.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் இடம் எழுத்துப் பெயர் இல்லாத பெட்டியாகத் தெரியும். வீட்டில் வேறு யாராவது அதைக் காலி இடம் என்று நினைத்து ஃபார்மட் செய்யாதபடி சொல்லி வையுங்கள்.

பின்னால் எப்போதாவது லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், நேரே அந்தப் பார்ட்டிஷனை டிலீட் செய்யக் கூடாது. எம்பிஆர் கணினியில் கிரப்பின் மீதிப் பாதி லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் இருக்கிறது. அதை அழித்தால் அடுத்த முறை கிரப் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரைதான் வரும். முதலில் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் பிராம்ப்டில் எம்பிஆரைச் சரி செய்யுங்கள். யூஇஎஃப்ஐயில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்து, விண்டோஸ் தானாக ஏறுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். ஏறிய பிறகு லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்கலாம். ஆனால் அந்த 45 ஜிபியை சி டிரைவோடு நேரடியாகச் சேர்க்க முடியாது, நடுவில் பொது டிரைவ் இருக்கிறது. அதைப் பொது டிரைவோடு எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்துச் சேர்த்துக் கொள்ளுங்கள்.